பழைய லேத் வீட்டுக்கு வந்துடுச்சா? பெயின்ட் டப்பாவை அப்புறம் திறக்கலாம்

பழைய லேத் (இரும்பு ராடைச் சுத்த விட்டு டூலால செதுக்குற கடைசல் மெஷின்) வாங்குற நிறைய பேரு செய்யுற முதல் வேலை என்னன்னா, மொத்தத்தையும் கழட்டிப் போட்டு, வயர் பிரஷ்ஷால தேய்ச்சு, பளபளன்னு பெயின்ட் அடிக்கிறதுதான். போட்டோவுல அம்சமா இருக்கும். அப்புறம் சக்ல (ராடைப் புடிச்சுக்கிட்டுச் சுத்துற பிடி) ஒரு ராடைப் புடிச்சு கடைஞ்சா ஒரு சாண் நீளத்துக்குள்ளயே டேப்பர் வரும், அதாவது ஒரு முனை பெருசா, ஒரு முனை சின்னதா. நானும் இப்படித்தான் ஆரம்பிச்சேன், அதனால தைரியமா சொல்றேன், அம்பது வருஷம் ஓட்டுன டர்னர் பண்ணாத சேதத்தை, சரி பண்றேன்னு கிளம்புன நாம முதல் வாரத்துல பண்ணிடுவோம். அதனால வரிசை முக்கியம். முதல்ல அளக்கணும், அப்புறம் கழட்டணும், அப்புறம் சுத்தம், அதுக்கப்புறம் தேய்மானம், கடைசியா மோட்டார், டி.ஆர்.ஓ (ஸ்லைடு இருக்குற எடத்தை நம்பரா காட்டுற கருவி) மாதிரி புது சமாச்சாரங்க. பெயின்ட் எப்ப வேணா அடிச்சுக்கலாம்.

லேத்தை வச்சுதான் சொல்லப் போறேன், ஆனா மில்லிங், ஷேப்பர்னு வேற எந்த மெஷினா இருந்தாலும் ஸ்லைடு (வழுக்கி நகர்ற பாகம்), ஸ்க்ரூ, ஸ்பிண்டில் (சுத்துற தண்டு) இந்த மூணுதானே, அதனால பாதிக்கு மேல அப்படியே பொருந்தும்.

வாங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம்

லேத்ல பெட் (எல்லாத்தையும் தாங்குற நீளமான அடித்தளம்) எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தேயாது. கேரேஜ் (டூலைச் சுமந்துக்கிட்டு பெட் மேல ஓடுற பாகம்) முக்காவாசி நேரம் சக் பக்கத்துலதான் ஓடும், டெயில் ஸ்டாக் (எதிர் முனையில ராடுக்கு முட்டுக் கொடுக்குற பாகம்) பக்கம் கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருக்கும். அதை வச்சே டெஸ்ட் பண்ணலாம். கேரேஜை சக் பக்கத்துல நிறுத்தி, லாக்கை லேசா இறுக்கம் தெரியுற அளவுக்கு திருகிட்டு, மெதுவா டெயில் ஸ்டாக் பக்கம் ஓட்டுங்க. போகப் போக இறுகி நின்னுடுச்சுன்னா, அந்த வித்தியாசம்தான் பெட் தேய்மானம். கொஞ்சம் இறுகுறது எல்லா பழைய மெஷின்லயும் இருக்கும், பயப்பட வேணாம். கேரேஜ் ஓடுற இடம் முடியுற எடத்துல நகத்தை வச்சு இழுத்தா படி மாதிரி தட்டுதான்னும் பாருங்க.

அடுத்து ஸ்பிண்டில். சக்ல நீளமா ஒரு ராடைப் புடிச்சு, டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டுற முள் மீட்டர்) ஸ்பிண்டில் மூக்குல வச்சு (சக் மேல வைக்காதீங்க), ராடை மேல தூக்கிப் பாருங்க. புஷ் பேரிங் (பந்து இல்லாத, வழவழப்பான உலோகக் குழல் மாதிரி பேரிங்) லேத்ல 0.02, 0.03 மி.மீ. ஆட்டம் இருந்தா பெரும்பாலும் அட்ஜஸ்ட் பண்ணியே சரி பண்ணிடலாம். 0.1 காட்டுச்சுன்னா அதுக்கு ஏத்த மாதிரி பேரம் பேசுங்க. பேக் கியரை (வேகத்தைக் குறைக்கிற கியர்) போட்டு கையால ஒரு முழு சுத்து சுத்துங்க, பல்லு உடைஞ்சிருந்தா கையிலயே தெரியும்.

கூட வர்ற சாமான்தான் ரொம்ப முக்கியம். சேஞ்ச் கியர் செட் (மரை வெட்ட மாத்தி மாத்திப் போடுற கியர்கள்), ஸ்டெடி ரெஸ்ட், ஃபேஸ் பிளேட், நாலு ஜா சக் எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாத்து வாங்குங்க. தேய்ஞ்ச பெட்டோட கூட குடித்தனம் நடத்திடலாம், அந்த மாடலுக்கே உரிய சேஞ்ச் கியரைத் தேடி அலையுறது வருஷக் கணக்குல இழுக்கும்.

தூக்கிட்டு வரும்போது ஒரே விஷயம்: லேத் தலை கனம், ஹெட் ஸ்டாக் (ஸ்பிண்டில் உள்ள தலைப் பெட்டி) பக்கம் சாயப் பாக்கும். மோட்டார், சக், டெயில் ஸ்டாக்கை கழட்டிடுங்க, தூக்குற பெல்ட்டை பெட்ல போட்டு தூக்குங்க, லீட் ஸ்க்ரூ மேலயோ ஃபீட் ராட் மேலயோ (கேரேஜை நகர்த்துற நீளமான தண்டுங்க) பெல்ட் பட்டுச்சுன்னா வளைஞ்சுடும். அடியில ஆள் கையோ காலோ இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கழட்டாம அளவு எடுங்க

எல்லாரும் தாண்டிப் போற படி இதுதான். மெஷினை நிக்க வேண்டிய எடத்துல நிறுத்தி, பெட் முறுக்கிக்கிட்டு இருக்கான்னு பாக்கணும். இவ்வளவு தடிமனான வார்ப்பிரும்பு எங்க முறுக்கும்னு தோணும், ஆனா தரை ஒரு மூலையில தாழ்ந்திருந்தா அதோட சொந்த எடையிலயே முறுக்கும். மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டுற மெஷின் லெவல் கிடைச்சா, பெட்டுக்கு குறுக்கால ஹெட் ஸ்டாக் பக்கம் ஒரு தடவை, டெயில் ஸ்டாக் பக்கம் ஒரு தடவை வச்சுப் பாருங்க. குமிழி நடுவுல நிக்கணும்னு கட்டாயம் இல்ல, ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி நின்னா போதும். கப்பல்ல கூடத்தான் லேத் ஓடுது.

லெவல் இல்லையா, லேத்தையே கேளுங்க. ஒரு அங்குலத்துக்கு கொஞ்சம் மேல தடிமன் உள்ள ராடை, 150 மி.மீ. அளவு வெளிய நீட்டி சக்ல புடிங்க, டெயில் ஸ்டாக் முட்டுக் கொடுக்காதீங்க. நடுவுல ஆழமா வெட்டிட்டு ரெண்டு பக்கமும் காலர் மாதிரி விடுங்க. கூர்மையான டூலை வச்சு ரெண்டு காலரையும் ஒரே செட்டிங்ல மெல்லிசா ஒரு கட் போட்டு மைக்ரோமீட்டரால அளங்க. தூரத்து காலர் பெருசா இருந்தா, டூல் அங்க போகும்போது விலகிப் போகுதுன்னு அர்த்தம். டெயில் ஸ்டாக் பக்கத்துல நாம நிக்கிற பக்கத்துக் காலை கொஞ்சம் தூக்கி ஷிம் (மெல்லிசான தகடு) குடுங்க, டூல் உள்பக்கம் சாயும், அளவு நெருங்கி வரும். சின்னதா இருந்தா பின் பக்கத்துக் காலைத் தூக்கணும். எவ்வளவு பண்ணியும் மசியலைன்னா ஹெட் ஸ்டாக் நேரா உக்காரலையா, தேய்மானமான்னு அப்புறம் பாத்துக்கலாம். இப்போதைக்கு அந்த எண்ணை ஒரு நோட்டுல எழுதி வைங்க. ஸ்பிண்டில் உள் டேப்பர்ல ரன் அவுட் (சுத்தும்போது மையம் விலகுற ஆட்டம்), ஸ்பிண்டில் முன்ன பின்ன ஆட்டம், கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கால நகர்த்துற பாகம்) ஹேண்டில்ல பேக்லாஷ் (ஹேண்டில் திரும்பியும் ஸ்லைடு நகராத இடைவெளி), இதையும் எழுதுங்க. நாளைக்கு மறுபடி மாட்டுனதுக்கு அப்புறம் முன்னைவிட மோசமாச்சா நல்லாச்சான்னு சொல்ல வேற எதுவும் கையில இருக்காது.

கழட்டுறது

போட்டோ எடுங்க, சின்ன கவர்ல போட்டு பேர் எழுதுங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். எனக்கு பாடம் சொல்லிக் குடுத்தது ஷிம். என் லேத்ல ரெண்டு புஷ் பேரிங், ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு மூடி, மூடிக்கு ரெண்டு பக்கமும் மெல்லிசா ஷிம் அடுக்கு. நாலு அடுக்கையும் ஒரே டப்பாவுல போட்டு மண்ணெண்ணெய் ஊத்திட்டேன். எந்த ஷிம் எந்தப் பக்கம்னு யாருக்குத் தெரியும்? ஸ்பிண்டில் ஒண்ணு இறுகும், இல்ல ஆடும், மூணு நாள் அதோடயே போச்சு. அதனால மூடிக்கும் ஹெட் ஸ்டாக்குக்கும் பஞ்ச்ல ஒரு புள்ளி, ரெண்டு புள்ளின்னு அடையாளம் வச்சுட்டு, ஷிம்மை அந்தந்த போல்ட்டோடயே கட்டி வைங்க.

டேப்பர் பின் (ஒரு முனை லேசா ஒல்லியான பூட்டு ஆணி) இன்னொரு பொறி. அங்குல மெஷின்ல 48-க்கு 1, மெட்ரிக்ல 50-க்கு 1 தான் சாய்வு, அதனால கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு முனையையும் சுத்தம் பண்ணி, காலிப்பர்ல அளந்து, சின்ன முனையில இருந்துதான் தட்டணும். தப்பான பக்கம் தட்டினா ஒவ்வொரு அடிக்கும் இன்னும் இறுகும், நமக்கோ துரு புடிச்சிருக்குன்னு தோணி பெரிய சுத்தியலை எடுப்போம், ஷாஃப்ட் வளையும். கிராஸ் ஸ்லைடு ஸ்க்ரூ வழக்கமா இடது மரை, ஹேண்டிலை வலது பக்கம் திருப்பினா டூல் உள்ள போகணும்கிறதுக்காக அப்படி பண்ணியிருப்பாங்க, தெரியாம பலத்தைக் காட்டாதீங்க.

வராத போல்ட்டுக்கு ஊடுருவுற ஆயிலை விட்டு ஒரு ராத்திரி விடுங்க, மறுநாள் முதல்ல லேசா இறுக்குற பக்கம் ஒரு தட்டு, அப்புறம் கழட்டுற பக்கம். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சமமா கலந்தும் பாக்கலாம், நல்லா வேலை செய்யும், ஆனா தீப்புடிக்கும், அதை ஊத்தின எடத்துல டார்ச்சை காட்டிடாதீங்க.

மரையைப் பத்தி ஒரு வார்த்தை. பழைய பிரிட்டிஷ் மெஷின்னா விட்வொர்த் மரைதான் இருக்கும், ஜோசப் விட்வொர்த் 1841-ல கொண்டு வந்தது, கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரையும் மெட்ரிக் மரையும் 60. நிறைய சைஸ்ல அமெரிக்க மரையும் விட்வொர்த்தும் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கை, அதனால மாத்திப் போட்டாலும் போற மாதிரி போகும், உள்ள மரையை நாசம் பண்ணும். அரை அங்குலத்துல மட்டும் விட்வொர்த் 12, அமெரிக்க மரை 13, அது பாதியில நின்னு நம்மளை காப்பாத்தும். மரையை ஒத்துப் பாக்குற ஒரு பிட்ச் கேஜ் வாங்கி வச்சுக்கங்க.

சுத்தம், துரு

முதல்ல உயிர். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதை உலர வச்சு சாணை புடிக்கிறதோ உப்புத்தாள் போடுறதோ கூடாது, அதுவும் வீட்டுல குழந்தைங்க இருந்தா நினைச்சுக்கூட பாக்காதீங்க. பெயின்ட் ரிமூவர் தடவி ஈரமா சுரண்டி எடுங்க. பழைய கிளட்ச், பிரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஏர் அடிச்சு ஊதாதீங்க. அந்தக் காலத்து ஆயில் கெபாசிட்டரை திறந்து பாக்குற ஆர்வமும் வேணாம். அழுக்கு கழுவ மண்ணெண்ணெய் போதும், பெட்ரோல் வேண்டவே வேணாம்.

துருவுக்கு எலக்ட்ரோலிசிஸ் மாதிரி சோம்பேறித்தனமான, நல்ல வழி வேற இல்ல. பிளாஸ்டிக் தொட்டியில தண்ணி, நாலு லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன் வாஷிங் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துரு புடிச்ச பார்ட் நெகடிவ், வேண்டாத சாதா இரும்புத் துண்டு பாசிடிவ், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது. மாத்திக் குடுத்தா உங்க பார்ட்டுதான் கரையும். பாசிடிவ்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீங்க, ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் தண்ணியில வரும், அது விஷம். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அதனால திறந்த எடத்துல வைங்க, சார்ஜரை ஆஃப் பண்ணிட்டுத்தான் கிளிப்பைத் தொடணும், ஒரு பொறி போதும். கடினப்படுத்தின ஸ்ப்ரிங்கை இதுல போட்டா ஹைட்ரஜன் ஏறி முறிஞ்சு போகும். துத்தநாகக் கலவையில வார்த்த பார்ட்டும் கூடாது, சில பழைய சின்ன லேத்ல கியர், ஹேண்டில் எல்லாம் அதுலதான் பண்ணியிருப்பாங்க, காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டலைன்னா தொட்டியில போடாதீங்க. வெளிய எடுத்த உடனே கழுவி, காய வச்சு, ஆயில் தடவணும், பத்து நிமிஷம் விட்டா செம்மண் கலர்ல திரும்ப துரு வந்துடும்.

பெட் மேல மட்டும் வேற சட்டம். ஆங்கிள் கிரைண்டர் இல்ல, எமரி இல்ல, வயர் வீல் இல்ல. ஆயிலை ஊத்தி பிளேடை படுக்க வச்சு சுரண்டுங்க, துரு பொடியா வரும், இரும்பு வராது. கறை மிச்சம் இருந்தா இருக்கட்டும். கறையால அளவு மாறாது, உப்புத்தாளால மாறும்.

தேய்மானம்: எதை சரி பண்ணணும், எதை விட்டுடணும்

பெட் 0.1 மி.மீ. தேய்ஞ்சிருக்குன்னு தெரிஞ்சதும் எல்லாருக்கும் பெட் கிரைண்டிங் ஞாபகம்தான் வரும். கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. பெட் நேர் கீழ தேய்ஞ்சு டூல் 0.1 மி.மீ. இறங்குச்சுன்னு வைங்க. 25 மி.மீ. ராடுல அதனால விட்டம் எவ்வளவு கூடும்? 0.0008 மி.மீ., அதாவது ஒரு மைக்ரான் கூட இல்ல. ஏன்னா டூல் இறங்குறது ராடோட வட்டத்தைத் தொட்டபடி வழுக்கிப் போற திசையில, மையத்தை விட்டு விலகுற திசையில இல்ல. அதே 0.1 பக்கவாட்டுல, நம்ம பக்கம் தள்ளிச்சுன்னா விட்டம் 0.2 மி.மீ. கூடிடும். 3 மி.மீ. மாதிரி ஒல்லி ராடுன்னா நேர் கீழ இறங்குறதே 0.007 காட்டும், அங்க மட்டும் கொஞ்சம் உறைக்கும். அதனால பெட்ல கேரேஜ் ஓடுற தடம் தட்டையா இருக்கா, வி வடிவத்துல இருக்கா, எந்தப் பக்கம் சாஞ்சு தேய்ஞ்சிருக்குன்னு பாத்துட்டுத்தான் கவலைப்படணும். வி வடிவத் தடத்துல ஒரு பக்கச் சரிவு மட்டும் அதிகமா தேய்ஞ்சா கேரேஜ் பக்கவாட்டுலயும் நகரும், அதுதான் ரெண்டு காலர் டெஸ்ட்ல மாட்டும். வீட்டு வேலைக்கு பத்துல ஒன்பது லேத்துக்கு பெட்ல கை வைக்கவே வேண்டியதில்ல.

கை வைக்க வேண்டியது ஜிப், அதாவது ஸ்லைடு ஆடாம இறுக்கி வைக்கிற பட்டை. கிராஸ் ஸ்லைடு, அது மேல உக்காந்திருக்குற காம்பவுண்ட் ரெண்டுலயும் ஜிப்பை எடுத்து சுத்தம் பண்ணி, வளைஞ்சிருக்கான்னு தட்டையான எடத்துல வச்சுப் பாத்து, திரும்பப் போட்டு, ஸ்க்ரூவை ஒவ்வொண்ணா இறுக்கணும். இறுக்குறப்போ ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் ஸ்லைடை முழு நீளமும் ஓட்டிப் பாருங்க. கட் போடும்போது லேத் அதிர்ந்து அலறுதுன்னு டூலை மாத்துறவங்கள்ல பாதி பேருக்கு வியாதி ஜிப்லதான் இருக்கும்.

கிராஸ் ஸ்லைடு நட் பித்தளையோ கன்மெட்டலோ, ஸ்க்ரூவை விட அதுதான் முதல்ல தேயும், தேயட்டும்னுதான் அதுல பண்ணியிருக்காங்க. புது நட் போட்டாலே பாதி பேக்லாஷ் போயிடும். மிச்சம் ஸ்க்ரூவோட நடுப்பகுதி தேய்மானம், அது இருக்கத்தான் செய்யும். டெயில் ஸ்டாக் அடிப்பகுதி தேய்ஞ்சு மையம் தாழ்ந்திருந்தா, மேல் பாகத்துக்கும் அடித்தட்டுக்கும் நடுவுல ஷிம் போட்டா போதும். புஷ் பேரிங் ஸ்பிண்டிலுக்கு ஷிம்மை ரெண்டு பக்கமும் சமமா, மெல்லிசா மெல்லிசா எடுத்து மூடியை இறுக்கி, ஒவ்வொரு தடவையும் கையால சுத்திப் பாருங்க. அரை மணி நேரம் ஓட விட்டு தொட்டா வெதுவெதுன்னு இருக்கலாம், கை வைக்க முடியாத சூடுன்னா இறுக்கம் அதிகம்.

ஸ்கிரேப்பிங் (பரப்பைக் கையால சுரண்டி தட்டையாக்குறது) கத்துக்கணும்னு ஆசை இருந்தா கிராஸ் ஸ்லைடுல ஆரம்பிங்க, பெட்ல ஆரம்பிக்காதீங்க. நீல மையை சர்ஃபேஸ் பிளேட்ல (துல்லியமா தட்டையான தட்டு) மெல்லிசா தேய்ச்சு, பார்ட்டை வச்சு நகத்தி, நீலம் ஒட்டுன மேடுகளை மட்டும் சுரண்டி எடுக்கணும், இதையே நூறு தடவை. நல்லா வந்துச்சுன்னா ஒரு சதுர அங்குலத்துக்கு இருபது புள்ளி கிட்ட தெரியும், அந்தப் பள்ளங்கள்லதான் ஆயில் நிக்கும். சர்ஃபேஸ் பிளேட்டே எப்படி தட்டையாச்சுன்னா, மூணு தட்டை மாத்தி மாத்தி ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாத்து சுரண்டினதுதான். ரெண்டு தட்டுன்னா ஒண்ணு குழியாவும் ஒண்ணு மேடாவும் பொருந்தி ஏமாத்தும், மூணுல அந்த ஏமாத்து வேலை நடக்காது. எனக்கு இந்த யோசனையை விட அழகான விஷயம் பட்டறையில வேற இல்ல.

ஆயில்: பெட்டுக்கு ஸ்லைடுவே ஆயில், ஐ.எஸ்.ஓ 68, அதுல கொஞ்சம் ஒட்டுத்தன்மை சேர்த்திருக்கும், ஒழுகாது. ஸ்பிண்டிலுக்கு அதைவிட மெல்லிசு, மேனுவல் கிடைச்சா அதுல சொன்னதைப் போடுங்க. ஆயில் ஓட்டைக்குள்ள கிரீஸை அழுத்திடாதீங்க, முன்னாடி யாரோ ஒரு புண்ணியவான் அடைச்சு வச்சதை ஒவ்வொரு ஓட்டையா கம்பி விட்டு எடுத்த அனுபவம் எனக்கு இருக்கு. ஃபெல்ட் திரி இருந்தா கழுவுங்க, கெட்டியாயிருந்தா புதுசு போடுங்க. கார் எஞ்சின் ஆயில்ல உள்ள டிடர்ஜென்ட் அழுக்கை மிதக்கவே வச்சிருக்கும், கார்ல ஃபில்டர் இருக்கு, பழைய லேத் கியர் பாக்ஸ்ல ஏது?

மோட்டாரும் வி.எஃப்.டியும்

பழைய மெஷின்ல பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார்தான். அதைத் தூக்கிப் போட வேணாம். சிங்கிள் ஃபேஸ்ல இருந்து ஓட்ட வி.எஃப்.டி (கரன்ட்டோட ஹெர்ட்ஸை மாத்தி மோட்டார் வேகத்தை மாத்துற மின்னணுப் பெட்டி) போடலாம், வேகமும் மாத்திக்கலாம். ஆனா வழக்கமான வி.எஃப்.டி ஃபேஸை மாத்துமே தவிர வோல்டேஜை ஏத்தாது. மோட்டார் பிளேட்ல 230/400ன்னு போட்டிருந்தா, ஸ்டார்ல இருக்குற இணைப்பை டெல்டாவுக்கு மாத்தணும். 400 மட்டும் போட்டு மூணு வயர்தான் வெளிய வருதுன்னா, உள்ள காயில்ல ஸ்டார் சேர்ற எடத்தைத் தேடிப் பிரிச்சு ஆறு வயரா வெளிய கொண்டு வரணும், அது வைண்டிங் பாக்குறவர் வேலை, நீங்க அவர் பக்கத்துல நின்னு டீ வாங்கிக் குடுக்கலாம்.

வி.எஃப்.டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஸ்விட்ச் வைக்கக் கூடாது, ஓடும்போது துண்டிச்சா டிரைவ் போயிடும். பழைய டிரம் ஸ்விட்ச்சை தூக்க மனசில்லைன்னா அதை வி.எஃப்.டியோட கன்ட்ரோல் டெர்மினலுக்கு இணைங்க, முன்ன மாதிரியே திருப்பி ஓட்டலாம். அவசர ஸ்டாப் பட்டனும், கரன்ட் போய் வந்தா தானா ஓடாத ஏற்பாடும் கட்டாயம், எர்த் அதைவிடக் கட்டாயம். ஆஃப் பண்ணிட்டு உடனே மூடியைத் திறக்காதீங்க, உள்ள கெபாசிட்டர் சார்ஜோட இருக்கும், பத்து நிமிஷம் போகட்டும்.

வி.எஃப்.டி வந்துடுச்சேன்னு புல்லியையும் பேக் கியரையும் கழட்டிடுறவங்க உண்டு. 50 ஹெர்ட்ஸ்ல 1440 சுத்துற மோட்டாரை 10 ஹெர்ட்ஸ்ல ஓட்டினா வேகம் அஞ்சுல ஒரு பங்குக்கு வரும், டார்க் (திருப்புற பலம்) ஏறாது, அதனால பவரும் அஞ்சுல ஒண்ணு. பேக் கியர்லயோ வேகம் குறையுற அளவுக்கு டார்க் ஏறும். அதோட மெதுவா ஓடும்போது மோட்டாரோட சொந்த ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், சூடாகும். மேல பக்கமும் ஆசைப்படாதீங்க, பழைய வார்ப்பிரும்பு சக்கும் புஷ் பேரிங்கும் அந்த வேகத்துக்குப் பொறந்தது இல்ல. இன்னொன்னு, திருகி மாட்டுற சக்னா நிறுத்துற நேரத்தை மூணு நாலு செகண்டுக்குக் கீழ குறைக்காதீங்க, ஸ்பிண்டில் டக்னு நின்னா சக் நிக்காம கழண்டு காலடியில வந்து விழும்.

டி.ஆர்.ஓ, கியர், மத்ததெல்லாம்

பழைய மெஷினுக்கு என்னைக் கேட்டா ஒரே ஒரு அப்கிரேட் போதும், டி.ஆர்.ஓ. காரணம் ஆடம்பரம் இல்ல. டயல் ஹேண்டில் ஸ்க்ரூவோட சுத்தை எண்ணுது, டி.ஆர்.ஓ ஸ்லைடு நிஜமா எங்க இருக்குன்னு பாக்குது, அதனால ஸ்க்ரூ தேய்மானமும் பேக்லாஷும் கணக்குலயே வராது. 5 மைக்ரான் ஸ்கேல் வீட்டுக்கு தாராளம், கிராஸ் ஸ்லைடுக்கு மட்டும் முடிஞ்சா 1 மைக்ரான். இடம் கம்மியா இருந்தா மேக்னெட்டிக் ஸ்கேல், அது ஒல்லி, ஆயில் பட்டாலும் கவலையில்ல. ஸ்கேலை மாட்டும்போது அது ஸ்லைடுக்கு இணையா இருக்கான்னு டயல் வச்சுப் பாருங்க. ஜிப் லூஸா இருந்தா மட்டும் டி.ஆர்.ஓ காப்பாத்தாது, நம்பர் நிக்கும், டூல் ஆடும்.

அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள லேத்ல மெட்ரிக் மரை போட 127 பல் கியர் தேடுங்க. ஒரு அங்குலம் 25.4 மி.மீ., அதை அஞ்சால பெருக்கினா 127, அது பகா எண், அதனால வேற சின்ன கியர்களைச் சேர்த்து அச்சு அசலா கொண்டு வர முடியாது. எடம் இல்லாத லேத்ல 63 பல்லை வச்சு கிட்டத்தட்ட பண்ணுவாங்க, சின்ன நீள மரைக்கு அது தெரியவே தெரியாது.

பெயின்ட் அடிக்கணும்னா இப்ப அடிங்க. ஸ்லைடு, ஜிப், ஆயில் ஓட்டை எல்லாத்தையும் டேப் ஒட்டி மறைச்சுட்டு, ஆயில் தாங்குற எனாமலோ ரெண்டு பார்ட் எபாக்ஸியோ அடிங்க.

எல்லாம் மாட்டி ஒரு மாசம் ஓட்டுனதும் ரெண்டு காலர் டெஸ்ட்டை மறுபடி போடுங்க, கால் தரையில உக்காந்து கொஞ்சம் மாறியிருக்கும், ஷிம்மை திருத்துங்க. என் நோட்டுல முதல் நாள் 0.08ன்னு இருக்கு. பெயின்ட் அடிச்சு முடிச்ச அன்னைக்கும் அதே 0.08. முன் பக்கத்துக் காலுக்கு அடியில ஒரு ஷிம் போட்ட அன்னைக்குத்தான் 0.01.